வாலுவுக்குச் சட்டை தைத்தவர்

வாலுவை ஏரிக்கரை முகாமுக்குக் கூட்டிப் போவதில்லை என்று தையல்காரர் சபதம் எடுத்தார். நாய்மேல் வெறுப்பில்லை. தூண்டில் போட்டால் தண்ணீரில் குதிக்கும். மீன்கள் ஊரைக் காலி செய்யும். வருஷத்துக்கு ஒரு கோடை விடுமுறை. ஒரே ஒரு மீன் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

நேராகச் சொன்னால் மனைவியிடம் எடுபடாது. அக்கறை வழியாகப் போனார்.

“காட்டுல உண்ணி ஏறும்டி. வாயில்லா ஜீவன். பக்கத்து வீட்ல விட்டுடலாம்.”

“ஐயோ, ஆமாங்க! உடம்பு மூடுற மாதிரி சட்டை தைச்சுடுங்க.”

தைத்தார். அளவெடுக்கவே அரை நாள். நாடாவைக் கடித்துக் குதறிய முதல் வாடிக்கையாளர்.

“மணல் கொதிக்கும். பாதம் வெந்துடும்.”

“நல்லவேளை சொன்னீங்க. நாலு காலுக்கும் உறை.”

கால்சட்டை கேட்டு வந்த போஸ்ட்மாஸ்டர் வெறுங்கையோடு திரும்பினார்.

“கார்ல சூடு தாங்காதே?”

“ஜன்னலுக்குத் திரை தைங்க. நடுநடுவே நிறுத்தித் தண்ணி காட்டுறது என் பொறுப்பு.”

வாயைக் கொடுத்து வேலையை வாங்கியாயிற்று. கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

“புது இடம். மிரண்டு ஓடிச்சுன்னா? மரத்துல கட்டினா கயிறு சுத்தும், கழுத்து இறுகும்.”

மனைவியின் முகம் வாடியது. ஜெயித்தோம் என்று ஊசியைக் கீழே வைத்தார்.

“அப்போ கழுத்து வேணாம்ங்க. அதோட நெஞ்சுக்கு ஒரு பட்டை, உங்க இடுப்புக்கு ஒரு பட்டை, நடுவுல வார். உங்க தையல் பிரியாதுன்னு ஊரே சொல்லுதே!”

புகழ்ச்சிக்கு மயங்காத தையல்காரன் உண்டா? இரட்டைத் தையல் போட்டார்.

ஏரிக்கரையில் வாலு, சட்டையும் காலுறையுமாக, மாப்பிள்ளை தோரணையில் நிழலில் படுத்தது. வாரின் மறுமுனையில் அவர். தண்ணீர்ப் பக்கம் ஓரடி வைத்தால் அது குதிக்கத் தயார். அவிழ்க்கலாம்தான். ஆனால் ‘மிரண்டு ஓடும்’ என்றது அவர் வாய்தானே?

தூண்டில் சும்மா கிடந்தது. மனைவி எடுத்தாள். முழங்கை நீள மீனைத் தூக்கினாள். நாய்க்கும் ஒரு கீறல் இல்லை, ஓர் உண்ணி இல்லை. கெட்டிக்காரி. தையல்காரருக்கே கை தட்டத் தோன்றியது.

முகாம் காவலாளி வந்தார். “அம்மா, நாயைக் கட்டாம விட்டுட்டு மீன் பிடிக்கிறீங்களா?”

“யார் சொன்னா?” அவள் திரும்பாமலே கணவர் பக்கம் கை நீட்டினாள். “நல்லா கனமானதாப் பார்த்துத்தான் கட்டியிருக்கேன்.”