கார்புரேட்டருக்காக ஒரு ஜெபக் கூட்டம்

எங்கள் கல்யாணத்தில் வாழ்த்திப் பேசிய வயதான போதகர் ஒரு வாக்கியம் சொன்னார். குடும்பத்தில் ஏதாவது ஒரு காரியத்தைப் புருஷன் முழுக்கத் தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றாரா, வைத்துக்கொள்ளவே கூடாது என்றாரா என்பது இப்போது நினைவில்லை. டை கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது. லீமாவிடம் கேட்டால் சரியாகச் சொல்லுவாள். அதனாலேயே கேட்கவில்லை.

பத்தொன்பது வருஷம் மஸ்கட்டில் இருந்துவிட்டு, நாற்பத்தேழு வயதில் இராஜாக்கமங்கலத்து வீட்டுக்குத் திரும்பினேன். நான் உழைத்துக் கட்டிய வீடு. ஆனால் மோட்டார் போடலாம் என்று நான் தட்டிய ஸ்விட்சுக்கு அடுக்களையில் மிக்ஸி ஓடியது. தேங்காய் வெட்ட வந்தவர் லீமாவிடம்தான் பேசினார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கதவைத் திறந்த என்னைப் பார்த்து, "வீட்டுல ஆளு இல்லியா?" என்று கேட்டார்.

ஆகவே ஒரு கார் வாங்கினேன். எழுபத்து நாலாம் வருஷத்து அம்பாசடர். குலசேகரத்தில் ஒரு ரப்பர் தோட்டக்காரர் வைத்திருந்தது. என்னைவிட மூன்று வயது மூத்தது. என்னைவிட நன்றாக ஓடியது. அதன் பானெட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டால் இந்த வீட்டில் எனக்கும் ஓர் இடம் இருந்தது. அந்தக் காரை லீமா ஓட்டியதில்லை. லைசென்ஸ் இருக்கிறது, நான் ஊரில் இல்லாதபோது எடுத்தது. நான்தான் கொடுத்ததில்லை.

அப்படி இருக்கும்போது அஞ்சுகிராமத்திலிருந்து லீமாவின் அண்ணன் யேசுரத்தினம் போன் செய்தார். மகள் ஷைஜாவுக்குக் கல்யாணம். பெண் ஆலயத்துக்குப் போக என் கார் வேண்டும்.

"சாவிய மட்டும் குடுத்தா போதும் மாப்பிள. ஓட்டுகதுக்கு நம்ம கையில ஆளுண்டு."

அந்த ஆளை எனக்குத் தெரியும். கிளட்சில் வைத்த காலை வண்டியை விட்டு இறங்கும்போதுதான் எடுப்பான். என் கையில் மிச்சமிருந்த ஒரே காரியத்தை அவன் காலடியில் கொண்டுபோய்ப் போட எனக்கு மனமில்லை. ஆனால் பெண்டாட்டியின் அண்ணனிடம் முடியாது என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சோறு தின்ற ஒருவனையும் நான் கண்டதில்லை. நான் சொல்ல முடியாததைக் கார் சொல்லட்டும் என்று தீர்மானித்தேன்.

கார்புரேட்டரின் பக்கத்தில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. பெட்ரோல் அதில் வந்து நிறையும். உள்ளே ஒரு மிதவை. பெட்ரோல் ஏற ஏற மிதவையும் ஏறி, மேலே இருக்கும் பித்தளை நாக்கைத் தள்ளும். நாக்கு ஒரு ஊசியைத் தள்ளிப் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும். அந்த நாக்கை லேசாக வளைத்துவிட்டால் வழி சரியாக அடைபடாது. பெட்ரோல் பொங்கி வழியும், இன்ஜின் மூச்சுமுட்டி நின்றுபோகும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லீமா ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தாள். நான் பிளேயரை எடுத்து நாக்கை இரண்டு வளைவு வளைத்தேன்.

திங்கள்கிழமை முற்றம் முழுக்கப் பெட்ரோல் வாடை.

"என்னவாக்கும் மணக்கு?" என்று லீமா வெளியே வந்தாள்.

"கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ ஆவுது. கல்யாணத்துக்கு ஓடும்னு தோணல்ல."

"எதனால?"

"நெறைய காரணம் உண்டு. உனக்குச் சொன்னா வெளங்காது."

"நம்ம மாடி டேங்கு நெறஞ்சு வழிஞ்சா, பந்து ஏறி அடைக்கல்லன்னு அர்த்தம். அதுபோல ஒண்ணு இதுல கிடையாதா?"

அந்த டேங்கின் பந்தை நான்கு தடவை மாற்றியவள் அவள்.

"இது வேற," என்றேன். "இது வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சது."

"டேங்கு யாரு கண்டுபிடிச்சா?"

அன்று முதல் நான் கோளாறைத் தேட ஆரம்பித்தேன். பெட்ரோல் பம்ப்பைக் கழற்றிப் பார்த்தேன். சோக் ஒயரை இழுத்து விட்டேன். நனைந்து கறுத்த பிளக்குகளை வரிசையாக வெயிலில் வைத்துவிட்டு, அவற்றின் முன்னால் வெகுநேரம் துயரத்தோடு உட்கார்ந்திருந்தேன். இல்லாத நோயைத் தேடுவது எளிது. இருக்கிற நோயில் கை பட்டுவிடாமல் தேடுவதுதான் பாடு.

"அந்தக் கிண்ணத்துக்க மூடியத் தொறந்து பாத்தியளா?" என்று லீமா வியாழக்கிழமை கேட்டாள்.

"அது கடைசியாப் பாக்கணும்."

"ஏன்?"

"அப்பிடியாக்கும் முறை."

"செரி," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் செரி என்று சொன்னால் நான் பயந்திருக்க வேண்டும். பத்தொன்பது வருஷம் போனிலேயே குடும்பம் நடத்தியவனுக்கு இதெல்லாம் தெரிவதில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் ஜெப விண்ணப்பங்கள் வாசித்தார்கள். ஒருவருடைய சிறுநீரக ஆபரேஷனுக்கும் இன்னொருவருடைய குவைத் விசாவுக்கும் நடுவில், சகோதரி லீமாவின் வீட்டுக் கார் பெட்ரோல் வழிகிற கட்டிலிருந்து விடுதலை பெற்று, கல்யாண வீட்டுக்குப் பிரயோஜனப்பட வேண்டும் என்று வந்தது. புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெண்கள் ஐக்கிய சங்கம் எங்கள் முற்றத்தில் கூடி ஜெபிக்கும் என்றும் அறிவித்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் நான் ஜெபிக்கிறேன் என்று நினைத்து என் தோளைத் தட்டினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது, அவள் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். "காருக்கெல்லாமா ஜெப விண்ணப்பம் குடுப்பாவ?"

"ரீத்தாக்காவுக்க பசுவுக்கு ஜெபிச்சோமில்லியா. கன்னு போட்டுதே."

"பசு உயிருள்ளதாக்கும்."

"அப்ப உங்களுக்கு விசுவாசம் இல்ல. அப்பிடித்தானே?"

நான் பின் ஸீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று நாள் யோசித்தேன். கார் ஸ்டார்ட் ஆனால் என் திட்டம் போச்சு. ஆகாவிட்டால் சங்கத்துப் பதினாறு பெண்களின் ஜெபம் போச்சு. நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனாலும் பதினாறு பேர் கண்மூடிக் கேட்கும் ஒன்றை, இரண்டு பிளேயர் வளைவால் மேலே போகவிடாமல் தடுக்கிறவனாக இருக்க எனக்குத் துணிவு வரவில்லை.

புதன்கிழமை இரண்டு மணிக்கு, லீமா வருகிறவர்களுக்காக அடுக்களையில் முந்திரிக்கொத்துப் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் பூனைபோலப் போய் மூன்று ஸ்குருவைக் கழற்றினேன். எத்தனை வளைவு வளைத்தேனோ அத்தனை வளைவு திருப்பி வளைத்தேன். அளந்து பார்க்கவில்லை. என் பொய்யின் அளவு எனக்குத் தெரியாதா. ஸ்டார்ட் செய்தும் பார்க்கவில்லை, சத்தம் கேட்கும்.

ஐந்து மணிக்கு முற்றம் நிறைந்தது. ஒரு பாட்டுப் பாடினார்கள். சங்கத் தலைவி ரீத்தாக்கா பானெட்டின்மேல் கை வைத்தாள். "ஆண்டவரே, இந்தப் பாத்திரத்துல எவ்வளவு வேணுமோ அவ்வளவு மட்டும் ஊத்தும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்." எந்த மெக்கானிக்கும் அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

சாவியைத் திருகினேன். கார் உடனே பிடித்துக்கொண்டது. ஸ்தோத்திரம் என்று பதினாறு குரல் எழுந்தது. அரை நிமிஷம் ஓடியிருக்கும். பிறகு இருமியது. இன்னொரு முறை இருமியது. நின்றுவிட்டது. மறுபடி திருகினேன். மறுபடி இருமி நின்றது. ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட வழியவில்லை.

ரீத்தாக்கா பானெட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"இது மூணு நாளு உபவாசத்துல போற பிசாசாக்கும்," என்றாள் ரீத்தாக்கா. எல்லோரும் முந்திரிக்கொத்துத் தட்டைப் பார்த்தார்கள்.

லீமா கார் ஜன்னல் பக்கமாக வந்து குனிந்தாள். எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள்.

"இன்னைக்கு அதத் தொட்டியளா?"

"எத?"

"நாக்க."

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். பதினாறு பேர் பைபிளோடு நின்றார்கள். "ம்," என்றேன்.

"எப்ப?"

"ரெண்டு மணிக்கு."

"நான் பன்னெண்டு மணிக்கே நிமித்தி வச்சாச்சு. அத மேலயும் வளச்சிருக்கிய. இப்ப கிண்ணம் நெறையதுக்கு முன்னாலயே வழி அடைபடுது."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"போன வாரம் திங்கக்கிழமையே தொறந்து பாத்தேன். நீங்க பல்லு தேய்க்கப் போனப்ப. பித்தளையில பிளேயருக்க பல்லு பதிஞ்சிருந்துது. காரு பழசு, தழும்பு புதுசு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"நீங்களாச் சரியாக்குவியளான்னு ஒம்பது நாளு பாத்தேன். இன்னைக்கு மத்தியானத்தோட நம்பிக்கை விட்டுப்போச்சு." ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ரெண்டு மணிக்கூறு கூட நம்பியிருக்கணும். எனக்க தப்பு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவள் நிமிர்ந்து, "அக்கா, ஒரு சின்ன வேலை பாக்கியிருக்கு. நாலு சரணம் உள்ள பாட்டா ஒண்ணு பாடுங்க," என்றாள். முதல் சரணத்தில் மூன்று ஸ்குருவும் வெளியே வந்தன. இரண்டாவதில் நாக்கு நிமிர்ந்தது. மூன்றாவதில் ஒரு கம்பியை இடையில் வைத்து அளந்தாள். அந்த அளவு நான் வாங்கி வைத்திருந்த இங்கிலீஷ் ரிப்பேர் புத்தகத்தில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் வரை படித்ததில்லை. நான்காவதில் மூடியைப் பூட்டிவிட்டு, கதவைத் திறந்து, "தள்ளி இருங்க," என்றாள்.

கார் ஸ்டார்ட் ஆனது. இருமவில்லை, வழியவில்லை. தெருமுனை வரை ரீத்தாக்காவை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பி வந்தாள். நான் முந்திரிக்கொத்து பரிமாறினேன்.

எல்லோரும் போன பிறகு அண்ணனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில்.

"அண்ணா, காரு சரியாயாச்சு. ஆனா ஓட்ட உங்க ஆளு வேண்டாம். இவரு யாருக்கும் சாவி குடுக்கமாட்டாரு, அதுல ஒரே பிடிவாதம்."

என் நெஞ்சு நிறைந்தது. இருபத்திரண்டு வருஷ வாழ்க்கையில் அவள் என்னை இப்படி விட்டுக்கொடுக்காமல் பேசி நான் கேட்டதில்லை.

"அப்ப யாரு ஓட்டுவா?" என்றார் யேசுரத்தினம்.

"நான்தான். மருமவள நானே கொண்டு ஆலயத்துல எறக்குகேன்."

போனை வைத்துவிட்டு விரல் மடக்கினாள். "பின்னால ஷைஜா, அண்ணன், மைனி. முன்னால எனக்கப் பக்கத்துல துணைப்பொண்ணு, மடியில பூ. ஆளு நெறஞ்சாச்சு."

"அப்ப நான்?"

"நீங்க சொல்லுங்க. உங்களுக்க காராக்கும்."

நாகர்கோவிலில் பஸ் மாறி அஞ்சுகிராமம் போவதென்று முடிவு செய்தேன்.