முன்கூட்டியே வந்த தும்மல்

நடக்கப்போவதைச் சொல்லும் சாமியார் முந்திச்சொல்லியின் கூடத்தில் மூச்சு விடக்கூட முறை வைத்துத்தான் விட வேண்டும். வாசல் செருப்புகள் தெருமுனை வரை நீண்டு கிடந்தன. அவற்றுக்காவது திரும்பும் வழி தெரிந்திருந்தது.

சுவர்த் திரையில் அவருடைய இணையதளம். பாலம் விரிசல் விட்டாலும் மேயர் வழுக்கி விழுந்தாலும், சம்பவத்துக்கு வெகுநேரம் முன்பே இவர் எழுதியதாக நேரம் பதிந்திருக்கும். முன்னதாக அதைப் படித்தவர் ஒருவரும் இல்லை. "நாமதான் சரியா பாக்கல" என்று ஜனம் தன் தலையிலேயே குட்டிக்கொண்டது.

தையல்காரரின் மனைவிக்கு மறுநாள் கண்புரை அறுவை. தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்றார் டாக்டர். மூன்று மாதம் கண்ணில் கத்தி படக்கூடாது என்றார் முந்திச்சொல்லி.

"நேத்து மழையவே மழைக்கு முன்னாடி எழுதினவரு. உன் டாக்டர் எழுதுவாரா?" என்றார் தையல்காரர். கால்சட்டைக்கே இரண்டு முறை அளவெடுக்கிற மனிதர்!

அவளுக்குத் திரை வெறும் வெள்ளைப் புகை. கையைப் பிடித்திருந்த தங்கை, கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவள், காதோரம் சிரித்தாள்.

"அக்கா, இவரு தளம் இருக்கிற கம்ப்யூட்டர் மேற்கே எங்கேயோ இருக்கு. அங்க இன்னும் விடியல. எந்த ஊரு நேரம்னு தேதி போடுற நிரலுக்குச் சொல்லலன்னா, அது அந்தக் கம்ப்யூட்டர் இருக்கிற ஊரு நேரத்தையே ஒட்டிடும். நடந்தப்புறம் எழுதினாலும் முன்னாடி எழுதின மாதிரி தெரியும்."

"நான் எழுதினாலுமா?"

"நீயும் தீர்க்கதரிசிதான்."

அக்கா எழுந்தாள். "சாமி, உங்க தளத்துல பக்தர் கருத்துப் பகுதியில ஒரு வரி எழுதலாமா?"

முந்திச்சொல்லி அருளோடு தலையசைத்தார். பாவம், வரப்போவது அவருக்குத் தெரியவில்லை.

அவள் கைக்குட்டை நுனியைத் திரித்து மூக்கில் விட்டாள். தும்மினாள். முன்வரிசை முழுவதும் குடை தேடியது. தங்கை போனில் தட்டினாள்: "அக்கா தும்மினாள்."

சுவர்க்கடிகாரத்தில் நண்பகல். திரையில் அந்த வரிக்குப் பதிந்த நேரம் விடியற்காலை.

"அப்ப நீ குறட்டைல்ல விட்டுட்டிருந்தே?" என்றார் தையல்காரர், மெதுவாக.

"அடுத்த தும்மல் எப்பன்னு எழுதுங்க சாமி," என்றாள் அக்கா. "நான் தும்முறதுக்கு முன்னாடி."

"நெட்டு சரியில்ல," என்றார் முந்திச்சொல்லி. அவர் பின்கதவு வழியே ஓடிய வேகத்தை எந்தத் தளமும் முன்னறிவிக்கவில்லை.

தையல்காரர் மனைவியின் கையைப் பற்றினார். "டாக்டர் எட்டு மணிக்கு வரச் சொன்னாரே, அது எந்த ஊரு எட்டு?"

அதற்குள் ஒருவர் அவள் காலில் விழுந்திருந்தார். "தாயே, என் மகளுக்கு எப்ப வேல கிடைக்கும்?" அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே உருவாகிவிட்டது.

"எனக்குப் புரை கண்ணுலதான், நாளைக்கு எடுத்துருவாங்க," என்றாள் அவள். "உங்களுக்கு எங்கன்னு முதல்ல தேடுங்க."