மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை

வாயில் போட்ட பஜ்ஜியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் ஸ்ரீவத்சன் விழித்தான். எல்லாம் ஒரு பாழாய்ப்போன வார்த்தையால் வந்த வினை.

மயிலாப்பூரில் பெண் பார்க்க வந்த இடத்தில், "பஜ்ஜி நைஸா இருக்கு" என்று சொல்லித் தொலைத்துவிட்டான். பெண்ணின் அப்பா ராஜகோபாலன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ரிட்டையரான இங்கிலீஷ் புரொபசர். வருகிற பையன்களிடம் ஒரு வார்த்தையின் பூர்வீகத்தைக் கேட்டு, அத்தனை பேரையும் திருப்பி அனுப்பியவர் என்று தரகர் முன்பே எச்சரித்திருந்தார்.

அதனால்தான் ஸ்ரீவத்சன் தேனாம்பேட்டை ஆபீஸில் வேலையைப் போட்டுவிட்டு, டிக்‌ஷனரியும் கையுமாக 'சாலரி'யை நெட்டுருப் போட்டிருந்தான். ரோமாபுரியில் உப்பு வாங்கக் கொடுத்த காசுதான் சாலரி ஆச்சு என்பதுவரை எல்லாம் தயார்.

"நைஸ்ங்கற வார்த்தை எங்கேர்ந்து வந்தது?" என்றார் ராஜகோபாலன்.

அடக் கடவுளே! டிக்‌ஷனரியில் 'என்' எழுத்துப் பக்கமே போகவில்லையே!

கதவோரம் பெண் மாளவிகா நின்றிருந்தாள். பார்த்தவுடனே அவளை அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது. அதுதான் இத்தனை உதறல். இடுப்பிலிருந்த பேஜராவது கத்தித் தொலைக்காதா?

"மாவு நைஸா அரைக்கறோமே மாமா, அதுலேர்ந்து..."

"ஓஹோ. ஆட்டுக்கல் கப்பலேறி லண்டன் போச்சாக்கும்?"

"இல்லே மாமா... பிரான்ஸ்ல நைஸ்னு ஒரு ஊர்..."

"அது நீஸ்."

அம்மா ஜானகி அவன் தொடையைக் கிள்ளினாள். "படிச்சதைச் சொல்லேண்டா!"

"சாலரின்னா உப்பு!" என்று கத்தியேவிட்டான்.

"ஐயையோ, பஜ்ஜியில உப்பு ஜாஸ்தியா?" என்று பதறினாள் பெண்ணின் அம்மா அபயாம்பாள். மாளவிகா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

போச்சு, எல்லாம் போச்சு. "எனக்கு ஒண்ணும் தெரியாது மாமா" என்றான் பரிதாபமாக.

ராஜகோபாலன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "லத்தீன்ல அதுக்கு 'அறியாதவன்'னு அர்த்தம். அந்தக் காலத்து இங்கிலீஷ்ல நைஸ்னா அசடு. அப்புறம் பயந்தாங்கொள்ளி. எத்தனையோ வேஷம் மாறி, கடைசியிலதான் 'நல்லது'ன்னு ஆச்சு..."

அசடு, பயந்தாங்கொள்ளி. தன்னைத்தான் சொல்கிறார் என்று ஸ்ரீவத்சனுக்குச் சந்தேகமே இல்லை. சொஜ்ஜி ஆறிக் கல்லாகும்வரை தலையை மட்டும் ஆட்டினான்.

அவர் தண்ணீர் குடிக்க உள்ளே போனதும், "கிளம்பும்மா, மானம் போறது" என்று வாசலுக்கு நழுவி, செருப்பில் காலை நுழைத்தான்.

பின்னாலேயே தாம்பாளத்தோடு ஓடிவந்தாள் அபயாம்பாள். "எங்கே கிளம்பறேள்? மாளவிகாவுக்கும் சம்மதமாம், இவர் இப்பவே தாம்பூலம் மாத்திக்கலாங்கறார்! முன்னே வந்த பசங்கள்லாம் கேட்டவுடனே டாண்ணு சரியா சொல்லி, பாவம், இவரை வாயே தொறக்க விடலையே!"