எடுக்கச் சொன்ன தூண்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமா எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். வீடு நலமில்லை. நீங்களும் என் மகளும் நலமாகவே இருப்பீர்கள். நீங்கள் குடியிருக்கும் வீடு நீங்கள் வடிவமைத்தது அல்லவே.

போனில் பேசினால் என்னை முடிக்க விடமாட்டீர்கள் என்பதால் கடிதம். நீங்கள் இருவரும் இங்கேயே வந்து குடியிருக்க மாடி கட்டலாம் என்று பேச்செடுத்தபோது, "ஹால்ல ஒரு தூண் எடுக்கணும் மாமா, அதை எடுக்காம மாடியை நினைச்சே பார்க்காதீங்க" என்றீர்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹால் நடுவில் நிற்கும் அந்தத் தூணோடு எனக்கு எத்தனையோ வருடப் பகை. என் நாற்காலியிலிருந்து பார்த்தால் டிவியில் செய்தி வாசிப்பவருக்கு ஒரு காதுதான் தெரியும். உடனே மேஸ்திரியைக் கூப்பிட்டேன். தூணைத் தட்டிப் பார்த்துத் தயங்கினார். "இன்ஜினியரே சொல்லிட்டார்" என்றேன். "அப்புறம் நமக்கென்ன சார்" என்று சம்மட்டியை எடுத்தார். தூண் பாதி போனதும் மேலே உத்தரம் முனகியது, சோபா மேல் பூச்சு கொட்டியது, ஹாலை ஒட்டிய குளியலறைக் கதவு நிலையோடு இறுகிக்கொண்டது. உள்ளே உங்கள் அத்தை. "அங்க என்னத்தை எடுத்தீங்க?" என்று ஒரே சத்தம். தச்சர் வந்து கதவைக் கழற்றும்வரை வெளியிலிருந்தே சமாதானம் சொன்னேன், ஒன்றும் எடுபடவில்லை. கதவைச் சீவி மாட்டிவிட்டார்கள், அவள் முகம்தான் இன்னும் நேராகவில்லை.

மேஸ்திரி அவசர அவசரமாக இரும்பு முட்டுகளைக் கொண்டுவந்து உத்தரத்துக்குக் கொடுத்தார். ஒரு தூண் போய் ஹால் முழுக்க முட்டு. டிவி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், மாப்பிள்ளை, பயமாக இருக்கிறது. விசிறியைக்கூட மெதுவாகத்தான் சுழல விடுகிறோம்.

உங்கள் மனைவியிடம் போனில் புலம்பினேன். "அப்பா, தூண் எடுக்கணும்னா புதுசா கட்டணும்னு அர்த்தம். மாடி எடுக்கிறதுன்னு சொல்றதில்லையா?" என்றாள். "பல் எடுக்கணும்னு டாக்டர் சொன்னா புதுப் பல்லா கட்டுறாங்க?" என்று கேட்டேன். போகட்டும், தப்பு என்மேல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொழிலில் எடுப்பது என்றால் கட்டுவது. இனி என் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். உங்கள் வாயிலிருந்து 'எடு' என்று வந்தால் 'கட்டு' என்றே கொள்வேன்.

சீக்கிரம் வந்து பாருங்கள். நீங்கள் வரைகிற கட்டடமெல்லாம் நிமிர்ந்து நிற்கட்டும், உங்கள் மாமனார் வீடும் அதில் ஒன்றாக இருக்கட்டும். மகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு: உறையை ஒட்டும் நேரத்தில் போனில் உங்கள் செய்தி வந்தது. "நான் வர்ற வரைக்கும் ஒரு முட்டுகூட எடுக்கக் கூடாது மாமா." நல்லவேளை, பழைய மாமாவாக இருந்தால் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பேன். கொடுத்த முட்டு அத்தனையையும் உடனே கழற்றச் சொல்லிவிட்டேன். மேஸ்திரி தயங்கினார், "இன்ஜினியரே சொல்லிட்டார்" என்றேன். இப்போதே டிவி பாதி தெரிகிறது. உங்கள் அத்தை குளிக்கப் போயிருக்கிறாள், அவள் வெளியே வருவதற்குள் ஹால் காலியாகிவிடும்.