ரேஸில் சிவப்புக்கு நின்றவர்

டெல்லி மாநகரத்தில் சட்டத்தை மதித்த கடைசி மனுஷர் எங்கள் சிக்னல் சார்தான். முதல் மனுஷரும் அவராகத்தான் இருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு நேர் மேல்மாடி. திருநெல்வேலிக்காரர், செக்ஷன் ஆபீசர். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு, அதை யாரும் கூப்பிட்டதில்லை. சிவப்பு விளக்கைக் கண்டால் நிற்பார், அதனால் சிக்னல் சார். இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்கள் டெல்லி பக்கம் வந்ததே இல்லை என்று அர்த்தம்.

ஆட்டோக்காரர் சிவப்பைத் தாண்டினால், அங்கேயே நிறுத்தச் சொல்லி, பேசிய காசை முழுசாகக் கொடுத்துவிட்டு இறங்கி நடப்பார். விடியற்காலையில் ஈ காக்கை இல்லாத ரோட்டில் சைக்கிளில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு நிற்பார். பின்னால் வருகிற கார்க்காரன் அவர் வம்சத்தையே இழுத்துத் திட்டுவான். இவர் நிதானமாகத் திரும்பி, "ரெட் ஹை, பையா" என்பார். லிஃப்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் பச்சை வரும்வரை நிற்பார் என்று ஆபீஸில் ஒரு கதை உலவியது. அது நான் கட்டிவிட்டது.

ஆனால் யாரும் வாய்விட்டுச் சிரித்ததில்லை. காரணம் காலனிக்கே தெரியும். அவர் மனைவி செண்பகம் அக்கா ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு பக்கத்துச் சிக்னலில் ரோட்டைக் கடந்தார். சிவப்பைத் தாண்டி வந்த கார் ஒன்று அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. காரோட்டியவன் இன்றுவரை அகப்படவில்லை. நாசமாய்ப் போகிறவன்.

அதற்கப்புறம் சார் ஸ்கூட்டரை விற்றுவிட்டு சைக்கிள் வாங்கினார். அந்தச் சந்திப்பை மட்டும் தன் காலால் தாண்டவே இல்லை. ஒருமுறை என்னோடு அங்கே வந்தார். ஹார்ன் சத்தம் கேட்டதும் விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்துவிட்டோம்.

வருஷத்தில் ஒரே ஒரு ஞாயிறு காலை அந்த ரோட்டில் கார் கிடையாது. என்னைப் போன்ற தொப்பை கோஷ்டிக்காக சைக்கிள் ரேஸ் நடக்கும். சாரிடம் சொன்னேன்.

"அன்னைக்குக் கார் வராதுல்லா? அப்பம் நானும் வாரேன் வே."

வந்தார். ரேஸிலும் சிவப்புக்கு நின்றார்!

ரோட்டைத்தான் மூடுவார்கள், விளக்கு அதுபாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். எல்லாரும் சிட்டாய்ப் பறக்க, இவர் மட்டும் காலை ஊன்றி நிற்பார். ரேஸின் வாலில் ஒரு வேன் வரும். அது பிடித்துவிட்டால் சைக்கிளையும் ஆளையும் ஏற்றிக்கொள்ளும். வருஷா வருஷம் அக்கா விழுந்த அந்த ஜங்ஷனுக்கு முன்பே வேன் இவரை அள்ளிவிடும். போகப் போக டிரைவர் இவருக்கும் சேர்த்து பிளாஸ்கில் டீ கொண்டுவர ஆரம்பித்தார். வேன் ஜங்ஷனைத் தாண்டும்போது சார் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். "வேன்ல தாண்டுனா அது சேத்தி இல்ல வே."

போன குளிர்காலத்தோடு சாருக்கு ரிடையர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு புனேவுக்கு மகளிடம் போகவேண்டும். "போதும் அப்பா, ஜல்தி வந்துருங்க" என்று அந்தப் பெண் தினமும் போனில் பாதி இந்தியில் மிரட்டினாள்.

"அவ விழுந்த எடத்த ஒரு தடவையாவது என் காலால தாண்டணும் வே," என்றார் சார். "இல்லாட்டி அவள இங்கயே விட்டுட்டுப் போற மாதிரி இருக்கு."

"அப்படின்னா இந்த வாட்டி சிவப்புக்கு நிக்காதீங்க சார்."

"அது மட்டும் முடியாது."

"ஒரே ஒரு நாள் சார்! போலீஸ்காரனே போகச் சொல்றான்!"

"அந்தக் கார்க்காரனும் ஒரே ஒரு நாள்னுதான் நெனச்சிருப்பான்."



ரேஸ் அன்று புகைமூட்டம். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வந்தது. நான் சாருக்குக் கொஞ்சம் முன்னால் போய், ஒவ்வொரு சிக்னலிலும் போலீஸ்காரரிடம் கெஞ்சினேன். "பின்னால ஒரு அங்கிள் வர்றார், பச்சை போடுங்க பையா."

"ரேஸில் சிக்னலை யார் பார்ப்பார்கள்?" என்று இந்தியில் கேட்டார் முதல் ஆள்.

"அவர் ஒருத்தர் பார்ப்பார்."

"பாகல் ஹை க்யா?" என்றார், பைத்தியமா என்று.

"மதராஸி ஹை."

"அச்சா, அச்சா" என்று சிக்னல் பெட்டியைத் திறந்து பச்சையைப் போட்டார். அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பச்சை, அடுத்தும் பச்சை. வேன் எங்கோ பின்தங்கிவிட்டது. பெரிய ஆள்தான் நான் என்று எனக்கே தலைகால் புரியவில்லை. ஜங்ஷன் வந்தது. அங்கேயும் சொல்லிவைத்தபடி பச்சை.

சார் காலை ஊன்றி நின்றுவிட்டார்.

"பச்சை சார்! பச்சை! போங்க!" என்று கத்தினேன்.

அவர் விளக்கையே பார்த்தார். "அவளுக்கும் பச்சைதான் விழுந்திருந்துச்சு வே."

விளக்கு சிவப்பானது, மறுபடி பச்சையானது. வேன் வந்துவிட்டது. சட்டப்படி ஏறியாக வேண்டும். டிரைவர் தலையை நீட்டி அவர் முகத்தைப் பார்த்தார். எஞ்சினை அணைத்தார்.

சார் சைக்கிளைவிட்டு இறங்கினார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், மறுபடி வலது பக்கம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். நடுவில் ஒரு இடத்தில் நின்று, குனிந்து ஏதோ சொன்னார். என் காதில் விழவில்லை, என்னிடம் சொன்னதும் இல்லை. அப்புறம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, நடைபாதையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தானே வேனிடம் வந்தார். "சலோ, பையா." என் சைக்கிளையும் தூக்கிப் போட்டேன். டீ ஆறிப்போயிருந்தது, மூன்று பேரும் குடித்தோம்.

இப்போது புனேவில் இருக்கிறார். "இங்கயும் ஒருத்தனும் நிக்க மாட்டேங்கான் வே" என்று போனில் புலம்புகிறார். இந்த வருஷ ரேஸுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி செய்தி வந்திருக்கிறது. இன்னும் கொடுக்கவில்லை. பின்னால் அவர் வராவிட்டால் எனக்கு முன்னால் போகவே பிடிக்கவில்லை.