விழித்திரைக்கு ஆபத்தில்லை

மனித குலத்தின் கண்களைக் காப்பாற்றிய பெருமை எங்கள் எல்இடி விளக்குத் தொழிற்சாலையின் 'விழித்திரைப் பாதுகாப்புக் குழு'வையே சேரும். அதன் செயலாளர் அடியேன்தான். இதை நானே சொல்லிக்கொண்டால்தான் உண்டு. வேறு யாரும் சொல்வதாகக் காணோம்.

புது விளக்கின் வெளிச்சம் விழித்திரைக்கு எவ்வளவு போகிறது, அது பாதுகாப்பான அளவுதானா என்று மதிப்பிட வேண்டும். கூட்ட அறையில் விளக்கைப் போட்டோம். மேலாளர் "ஐயோ!" என்று முகத்தைப் பொத்திக்கொண்டார். உடனே ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி வரவழைத்து மாட்டிக்கொண்டு ஆய்வைத் தொடர்ந்தோம். மேசைமேல் இருந்த, வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் எல்லையைத் தாண்டிப் போய் நின்றது.

"மீட்டர் தப்பு சார்," என்றார் பொறியாளர்.

"எப்படிய்யா?"

"நம்ம விழித்திரை எங்க இருக்கு? கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால. மீட்டர் மட்டும் வெறுங்கண்ணோட உக்காந்திருக்கே!"

என்ன மூளை! மீட்டருக்கும் ஒரு கண்ணாடி மாட்டினோம். முள் சமர்த்தாக இறங்கிவிட்டது. 'பாதுகாப்பானது' என்று ஏகமனதாகத் தீர்மானித்து டீ குடித்தோம்.

கதவருகே என் அக்கா வந்து நின்றாள். சோதனைப் பிரிவில் வேலை. எரிகிற இந்தப் புது விளக்குகளை நாள் முழுக்க உற்றுப் பார்த்து, சிமிட்டுகிறவற்றைப் பொறுக்கி எடுப்பாள்.

"சார், கொஞ்ச நாளா எதப் பாத்தாலும் நடுவுல கறுப்பா ஒரு பொட்டு தெரியுது. எனக்கும் அந்தக் கண்ணாடி ஒண்ணு குடுங்க."

மேலாளர் பதறிப்போனார். "என்னம்மா இது! இப்பத்தானே தீர்மானம் போட்டோம்? உங்களுக்குக் கண்ணாடி குடுத்தா, நாம சொன்னத நாமளே நம்பலன்னு ஆயிடாதா?"

அவள் என்னைப் பார்த்தாள். "தம்பி, நீயாவது சொல்லேன்டா."

"கணக்கு சரியாத்தாங்க்கா இருக்கு," என்றேன், என் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டே. பாசம் வேறு, அறிவியல் வேறு அல்லவா?

பிறகு கண் மருத்துவர் ஒருவர், அவள் விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டது, இனித் தேறாது என்று சொல்லிவிட்டார். குழு அவசரமாகக் கூடியது. மருத்துவர் தம் சோதனையில் கறுப்புக் கண்ணாடியைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று கண்டுபிடித்து நிம்மதியாகக் கலைந்தது.

அக்கா இப்போது வேலைக்கு வருவதில்லை. நேற்று அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். என் தோளுக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்துக்கொண்டு பேசினாள்.

"சட்டை தெரியுது, காது தெரியுது. உன் மூஞ்சி மட்டும் தெரியலடா."

அப்பாடா என்றிருந்தது. இத்தனை நாளில் நேற்றுதான் அவளை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வந்தது. எங்கள் விளக்கு பாதுகாப்பானது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?