தம்பி காணாமல் போன ஆல்பம்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஏழு பாடல்கள் கொண்ட ஓர் ஆல்பம் செய்தோம்.
2. அதில் என் தம்பி தினேஷ், பாட்டின் அடியில் கனமாக ஒலிக்கும் பேஸ் கிதார் வாசித்தான்.
3. மிக்ஸிங்கை நானே செய்வதாகச் சொன்னேன். (யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.)
4. ஆம்பூரில் ஒரு ஸ்டூடியோவில் மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து அதைச் செய்து முடித்தேன்.
5. வேலூரில் ஒரு ஹாலில், சொந்தக்காரர்கள் முன்னிலையில், ஆல்பத்தை வெளியிட்டோம்.
6. அதில் தம்பி இல்லை.

ஆறாவதைப் படித்துவிட்டு, அவன் அன்றைக்கு ஹாலுக்கே வரவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். வந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டையில் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பாடல்களில்தான் இல்லை.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. ஒரு ஷூவின் அடிப்பாகமான சோலை எத்தனை முறை மடக்கினால் விரிசல் விடும் என்று மெஷினில் போட்டுப் பார்த்து, கட்டத்தில் டிக் அடிப்பது என் தொழில். டிக் அடிக்கக் கட்டம் இல்லாவிட்டால் எனக்குப் பல் துலக்கக்கூட ஓடாது. இப்படிப்பட்டவளை நம்பி ஏழு பாடல்களைக் கொடுக்கும் முன் இம்ரான் கொஞ்சம் யோசித்திருக்கலாம். இம்ரான் என் கல்லூரித் தோழன், வாணியம்பாடிக்காரன். பாடல் எழுதியதும் பாடியதும் அவன். கீபோர்டும் கம்ப்யூட்டரில் தாளமும் நான். பேஸ் தினேஷ்.

எங்கள் வீடு குடியாத்தத்தில். கீழே விசைத்தறி, மேலே நாங்கள். லுங்கி ஓடுகிற தறி. காலையில் ஆரம்பிக்கும் சத்தம் ராத்திரி வரை ஓயாது. மற்ற வீடுகளில் சத்தம் கேட்டால் குழந்தை விழித்துக்கொண்டு அழும். எங்கள் வீட்டில் கரண்ட் போய்த் தறி நின்றால்தான் நானும் தம்பியும் விழித்துக்கொண்டு அழுவோமாம். சத்தம் என்பது எங்களுக்கு வீட்டுச் சுவர் மாதிரி. அது இருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

தினேஷ் டிப்ளமா முடித்ததும் தறியில் உட்கார வேண்டும் என்பது அப்பாவின் கணக்கு. சென்னைக்குப் போய் ஒரு வருஷம் இசைக்குழுக்களோடு வாசித்துப் பார்க்க வேண்டும் என்பது அவன் கணக்கு. அங்கே ஒரு மேடைக் குழுவில் அவனை வரச் சொல்லியும் இருந்தார்கள். அப்பா முரடர் இல்லை. நியாயம் பார்க்கிறவர். அதுதான் பிரச்சினையே, முரடராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

அவன் மாடியில் பழகுவதை அப்பா பலமுறை கேட்டிருக்கிறார். "கிதாருன்னா ஆறு கம்பி. உனக்கு ஏன்டா ரெண்டு கம்பி கம்மி?" என்பார். தனியாக வாசித்தால் போர் மோட்டார் ஓடுகிற மாதிரிதான் இருக்கிறது, பாட்டுக்குள்ளே இதற்கு என்ன வேலை என்று தனக்குப் புரிய வேண்டும் என்றார். கடைசியில் ஒப்பந்தம் இப்படி முடிந்தது: ஆல்பம் வரட்டும், நான் கேட்கிறேன், இதில் இவன் வாசிப்பது எது என்று என் காதுக்குத் தெரிந்தால் ஒரு வருஷம் போகட்டும். தெரியாவிட்டால் திங்கட்கிழமை தறி.

தினேஷ் சந்தோஷமாக ஒப்புக்கொண்டான். மிக்ஸிங் செய்யப்போவது சொந்த அக்கா ஆயிற்றே.

மிக்ஸிங் என்றால் என்ன என்று அம்மாவுக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். மேல்தோல், லைனிங், சோல் எல்லாம் தனித்தனியாக வந்து ஒரு இடத்தில் ஷூவாகிற மாதிரி, குரலும் கருவிகளும் தனித்தனியாகப் பதிவாகி வரும். எது எவ்வளவு சத்தமாக இருக்க வேண்டும் என்று பார்த்து ஒட்டுவதுதான் மிக்ஸிங். (அம்மா, "அதுக்கா இத்தினி நாளு?" என்றாள்.)

ஸ்டூடியோவை நடத்தியவர் சாமுவேல் அண்ணன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரிக்கு மேல் மாடி. தோல் நாற்றம் காரணமாக வாடகை கம்மி. சுவர் முழுக்க ஷூ கம்பெனிகளில் மிஞ்சிய, ஷூவுக்குள் பாதத்தடியில் வைக்கும் ஃபோம் ஒட்டியிருந்தார். உள்ளே போனால் ஒரு பெரிய ஷூவுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும், வாசனை உட்பட. அங்கே முக்கியமாகப் பதிவானவை ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி ஒலிபரப்பும் கடை விளம்பரங்கள். ஞாயிறன்று அண்ணன் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கப் போய்விடுவார், ஸ்டூடியோ லீவு.

நான் வேலை முடிந்து நேராக அங்கே போவேன். முதல் நாளே மூன்று விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒன்று, காதை நம்பு, திரையை நம்பாதே. (இணையத்தில் வீடியோ போடும் எல்லா வல்லுநர்களும் இதைச் சொல்கிறார்கள். அவர்கள் யாரும் டேனரிக்கு மேல் குடியிருக்கவில்லை.) இரண்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்து. மூன்று, முடியும் வரை யாருக்கும் போட்டுக் காட்டாதே. ஆளாளுக்குத் தன் கருவியை ஏற்றச் சொல்வார்கள்.

உட்கார்ந்ததுமே அடிச்சத்தம் ஜாஸ்தியாக இருப்பதாகப் பட்டது. கனமாக, குமுறலாக, நாற்காலிவரை அதிர்ந்தது. தம்பி ஆர்வத்தில் ஓங்கி வாசித்துவிட்டான் போலிருக்கிறது என்று பேஸைக் கொஞ்சம் குறைத்தேன். மறுநாளும் குமுறியது, இன்னும் கொஞ்சம் குறைத்தேன். அதற்கடுத்த நாளும் அப்படியே. அவன் மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது. எவ்வளவு குறைத்தாலும் கேட்கிறதே, என்ன வாசிப்பு.

கம்ப்யூட்டர் திரையில் ஒலியின் அளவைக் காட்டும் கோடு இருக்கும். அடிச்சத்தம் இருக்க வேண்டிய பக்கத்தில் அது வயல்வரப்பு மாதிரித் தட்டையாகக் கிடந்தது. மென்பொருள் கெட்டுவிட்டது என்று அதை மூடிவிட்டேன். விதி ஒன்று.

நடுவில் தினேஷ் ஒருநாள் போனில் கேட்டான். "அக்கா, ஒரே ஒரு பாட்டு கேட்டுக்கட்டுமா? மூணாவது மட்டும்."

"ஒண்ணும் வேணாம். உன் பேஸு நாற்காலியையே ஆட்டுதுடா."

"நெஜமாவா?"

"நான் உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அந்த வாரம் முழுக்க அவன் நண்பர்களிடம் நாற்காலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததாகப் பிறகு தெரிந்தது.

மூன்றாவது பாடலை அவன் கேட்டதற்குக் காரணம் உண்டு. நடுவில் ஒரு இடத்தில் குரல், கீபோர்டு, தாளம் எல்லாம் நின்றுவிடும். தினேஷ் மட்டும் தனியாக வாசிப்பான். அப்பாவுக்காகவே இம்ரான் அந்த இடத்தைச் சேர்த்திருந்தான். என் பட்டியலில் அதற்கு நேராக "பிரமாதம்" என்று எழுதியிருக்கிறேன். அதற்குள் எல்லாப் பாடலும் எனக்கு மனப்பாடம். காது ஓய்வெடுத்துக்கொண்டு மூளையே வாசித்துக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தேன். போனிலும் போட்டுப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. போன் ஸ்பீக்கரில் எந்தப் பாட்டிலும் பேஸ் கேட்காது என்பதை என் படிப்பு எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை.

வெளியீடு ஒரு சனிக்கிழமை மாலை. ஆள் உயர ஸ்பீக்கர்கள் வாடகைக்கு வந்திருந்தன. அப்பா வெள்ளை வேட்டியில், தேர்வு எழுத வந்தவர் மாதிரி முன்வரிசையில் உட்கார்ந்தார்.

முதல் பாடல் தொடங்கியது. கொசு கூட்டமாகப் பாடுகிற மாதிரி இருந்தது. குரல் இருந்தது, கீபோர்டு இருந்தது, கீழே ஒன்றுமே இல்லை. ஹால் ஸ்பீக்கர் சரியில்லை என்று நினைத்தேன். சவுண்ட் சர்வீஸ்காரரும் அப்படியே நினைத்து ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிச் செருகினார். பலன் இல்லை.

அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு இந்தப் பக்க ஸ்பீக்கரைப் பார்த்தார், அந்தப் பக்க ஸ்பீக்கரைப் பார்த்தார். நான் பின்னால் இருந்தேன். அவர் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"நீ எங்கடா இருக்க இதுல?"

"இப்ப வருவேன்ப்பா," என்றான் தினேஷ்.

இரண்டாவது பாடலிலும் அதையே சொன்னான். மூன்றாவதில் அந்த இடம் வந்ததும் அப்பாவின் கையைத் தொட்டான். குரல் நின்றது. கீபோர்டு நின்றது. தாளம் நின்றது. ஹாலில் நிசப்தம். உற்றுக் கேட்டால் மேஜையில் யாரோ நகத்தால் தட்டுகிற மாதிரி 'டிக், டிக்' என்று ஏதோ கேட்டது. பாடல் முடிந்துவிட்டது என்று நினைத்துச் சித்தப்பா கைதட்ட, எல்லோரும் கைதட்டினார்கள். அப்பாவும் தட்டினார். பிறகு பாடல் மறுபடி ஆரம்பித்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

நான்காவது பாடலிலிருந்து அவர் எதுவும் கேட்கவில்லை. தினேஷும் எதுவும் சொல்லவில்லை. திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தான். கோபம் இல்லை. நான் ஏதோ விளக்கம் வைத்திருப்பேன் என்று நம்புகிற பார்வை. கோபமே தேவலை.

மறுநாள் ஞாயிறு. சாமுவேல் அண்ணனைச் சர்ச் வாசலில் பிடித்துச் சாவி வாங்கிக்கொண்டு ஸ்டூடியோவைத் திறந்தேன். உள்ளே கால் வைத்ததும் காதுக்குள் ஏதோ அடைத்த மாதிரி இருந்தது. சிறு வயதில் தறி நின்றால் வருமே, அதே பயம். உட்கார்ந்தேன். நாற்காலி ஆடவில்லை. மூன்றாவது பாடலைப் போட்டேன். டிக், டிக். கம்பியில் விரல் படுகிற சத்தம் மட்டும்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "அண்ணே, கீழ இன்னா சத்தமே இல்ல?"

"டேனரி லீவு சிஸ்டர். ஞாயித்துக்கெழம டிரம் ஓடாது."

"மத்த நாள்லாம் ஓடுமா?"

"பின்ன? தோலு ஊற வேணாமா? இவ்ளோ நாளா வந்தீங்க, உங்களுக்குக் கேக்கலயா?"

வீட்டுயர மர டிரம்கள் தோலை உருட்டிக்கொண்டு எனக்குக் கீழே சுற்றியிருக்கின்றன. மழைக்காலம் முழுக்க, ஒவ்வொரு மாலையும். அந்தச் சத்தத்தைத் தம்பியின் சத்தம் என்று நினைத்து, தம்பியைத் துளித்துளியாகத் துடைத்து எடுத்திருக்கிறேன். வேறு வீட்டில் பிறந்த யாராக இருந்தாலும் முதல் நாளே, "கீழே என்ன சத்தம்?" என்று கேட்டிருப்பார்கள். நான் விசைத்தறிக்காரர் மகள்.

திங்கட்கிழமை தினேஷ் தறிக்குப் போனான். நான் அப்பாவிடம் படம் வரைந்து விளக்கினேன். அப்பா பொறுமையாகக் கேட்டார். "சரி, நீ கேட்ட மாதிரியே நானும் ஒரு தடவ கேட்டுப் பாக்கறேன்," என்றார். சொன்னேனே, நியாயம் பார்க்கிறவர். புதன்கிழமை நூல் வாங்கக் கிளம்பியவர் தினேஷையும் கூட்டிக்கொண்டு ஆம்பூருக்கே வந்துவிட்டார்.

என் நாற்காலியில் அவரை உட்கார வைத்தேன். கீழே டிரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் எப்படி ஏமாந்தேன் என்று காட்டுவது மட்டுமே என் திட்டம். மூன்றாவது பாடலைப் போட்டேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தனி வாசிப்பு வந்தபோது அவர் முகம் மலர்ந்தது.

"இதுவா தினேசு? நல்லாத்தான்டா இருக்கு. கனமா இருக்கு. அன்னிக்கி ஏன் இது கேக்கல?"

சும்மா இருந்தால் போதும். சும்மா இருந்தால் தம்பி சென்னைக்குப் போய்விடுவான். அவனைப் பார்த்தேன், அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாடலை அங்கேயே நிறுத்தி அப்பாவை டீக்கடைக்கு இழுத்துப் போயிருக்க வேண்டும். அது எனக்குத் தோன்றவில்லை. பாடல் முடிந்தது.

அப்பா தலையசைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அசைப்பது மெதுவாக நின்றது.

"பாட்டு முடிஞ்சிருச்சே. இவன் இன்னும் வாசிச்சிட்டிருக்கான்?"

தினேஷ்தான் சொன்னான். "அது நான் இல்லப்பா. கீழ தோலு ஊறுது."

அப்பா எழுந்து ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். "தோலு நல்லா வாசிக்குது," என்றார்.

சரி செய்து தருகிறேன், பேஸை ஏற்றினால் கேட்கும், ஒரு வாரம் கொடுங்கள் என்று நான் கெஞ்சினேன். அப்பா என்னைத் திட்டவில்லை. "நீ இறக்குனா இல்லாம போவுது, ஏத்துனா வருது. அப்ப அது அவன் வாசிக்கிறதா, நீ வாசிக்கிறதா பாப்பா?" என்று கேட்டார். பிறகு தினேஷைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் எது உறுமினாலும் தினேஷ்தான். மிக்ஸி ஓடினால், "தினேசு வாசிக்கிறான்," என்பாள் அம்மா. டேங்கர் லாரி தெருவில் நின்று உறுமினால் சித்தப்பா கைதட்டுகிறார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக்கூட இந்தக் கதை காபிக்கு முன்னால் சொல்லப்பட்டது. எல்லோரும் சிரித்தார்கள். தினேஷும் சிரித்தான். மற்றவர்கள் நிறுத்துவதற்குச் சற்று முன்பே அவன் நிறுத்திவிடுவான், அதை நான் மட்டும் கவனிப்பேன்.

ஆல்பத்தை இம்ரான் சென்னையில் வேறு ஒருவரிடம் கொடுத்து மறுபடி மிக்ஸ் செய்து வாங்கினான். இணையத்தில் இப்போது இருப்பது அதுதான். பேஸ் தெளிவாகக் கேட்கிறது, மூன்றாவது பாடலில் அந்த இடம் மிக நன்றாக இருக்கிறது. சென்னைக் குழுவில் தினேஷுக்குச் சொல்லியிருந்த வேலைக்கு வேறொரு பையனை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். தினேஷ் குடியாத்தத்தில் தறியைப் பார்த்துக்கொள்கிறான். அப்பா புது மிக்ஸை இன்னும் கேட்கவில்லை.